சீருடையோடு போய் கேலரியில் நின்று பாடலாமா? (கிளாஸ்கோ, ரேஞ்சர்ஸ், சிப்பாய்கள்)

கடலோரப்பையன் கேட்டது:

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம், கடற்கரைக் கிராமம். எங்கள் பக்கம் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துதான் பெரிது. திருவிழாவை ஒட்டி செவன்ஸ் போட்டி நடக்கும், ஒரு தேவாலயப் பங்கும் இன்னொரு பங்கும் மோதும், சில வருடம் கைகலப்பும் வரும். ஆர்.சி., சி.எஸ்.ஐ. சண்டையெல்லாம் கல்யாணப் பேச்சில்தான் பார்த்திருக்கிறேன், மைதானத்தில் பார்த்ததில்லை.

இப்போது கிளாஸ்கோவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். மாலையில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. போன வாரம் கூட வேலை செய்யும் ஒருவர் போனில் பழைய வீடியோ ஒன்றைக் காட்டினார். 2013 செப்டம்பரில் ரேஞ்சர்ஸ் கிளப்பின் இப்ராக்ஸ் மைதானத்தில் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் நாள். ரசிகர்கள் நடுவே சீருடை போட்ட சிப்பாய்கள் கைதட்டிக் குதித்துக் கூடவே பாடுகிறார்கள். அது மதப் பகைப் பாட்டு என்று அப்போது புகாரும் எழுந்ததாம். காட்டியவருக்கு அது ரொம்பப் பிடித்த வீடியோ. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "என் தாத்தா டோனகல்காரர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. இந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள் என்று தலைமைச் சமையல்காரர் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஊரே பாடும்போது சிப்பாய்களும் பாடினால் அதில் என்ன தனிக் குற்றம்? அவர்களும் இருபது வயதுப் பையன்கள்தானே? இன்னொன்று, என் வகுப்புத் தோழனின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறார். இந்த வருடமும் அதே மாதிரி ஒரு நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது, வா என்கிறான். நான் கத்தோலிக்கன் என்பது அவனுக்குத் தெரியும். போகலாமா?

கிளைட்கரை_நர்ஸ் எழுதியது:

தம்பி, நான் கோவன் பகுதியில் பல வருடமாக இருப்பவள். ஜன்னல் திறந்திருந்தால் இப்ராக்ஸில் கோல் விழுந்தது வீட்டுக்குள் கேட்கும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. இந்த ஊரின் இரண்டு பெரிய கிளப்புகளான ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் மோதும் நாளுக்கு எங்கள் ஷிப்ட் பட்டியலை முன்கூட்டியே யோசித்துத்தான் போடுவார்கள். அந்த நாட்களில் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடுகின்றன என்று இங்குள்ள காவல்துறையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதனால் இது எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

ஆம், சிப்பாய் பாடியது தனிக் குற்றம்தான். ஏன் என்று புரிய அந்தப் பெரியவரின் தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து பட்டினியோடு கப்பலேறியவர்களில் பெருங்கூட்டம் கிளாஸ்கோவில் இறங்கியது. டோனகல் மாவட்டத்துக்காரர்கள் அதில் நிறைய. கத்தோலிக்கர், ஏழைகள், குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தயாரானவர்கள். நகரத்தின் கிழக்கே அவர்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டத்தான் வால்ஃப்ரிட் என்ற மாரிஸ்ட் சபைச் சகோதரர் 1887இல் செல்டிக் கிளப்பைத் தொடங்கினார். 1888 மே மாதம் அவர்கள் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸோடுதான். 5-2 என்று ஜெயித்தார்கள், அன்று யாரும் யாரையும் அடித்துக்கொள்ளவில்லை.

ரேஞ்சர்ஸ் 1872இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய பையன்களுக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை. பகை பின்னால் ஏறியது. 1912இல் பெல்ஃபாஸ்டின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கட்டும் நிறுவனம் கோவனில் தளம் திறந்தது. அங்கிருந்து வந்த புராட்டஸ்டண்ட் தொழிலாளர்களோடு அயர்லாந்துச் சண்டையும் சேர்ந்து வந்தது. 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையே ஒரு அறிக்கை வெளியிட்டு, ஐரிஷ் கத்தோலிக்கர் இந்த நாட்டுக்கே ஆபத்து என்றது. 2002இல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வேலைக்குப் போனால் "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்று கேட்பார்கள். பள்ளிப் பெயரில் புனிதர் பெயர் இருந்தால் வேலை கிடையாது. அந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் இன்னும் என் வார்டுக்குச் சிகிச்சைக்கு வருகிறார்கள்.

ரேஞ்சர்ஸும் அதே வழியில் போனது. எழுத்தில் விதி இல்லை, ஆனால் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்க ஆட்டக்காரர்களை எடுக்காமலே இருந்தது. 1989இல் மேனேஜர் கிரேம் சூனஸ், முன்பு செல்டிக்கில் ஆடிய மோ ஜான்ஸ்டனை எடுத்தபோது சொந்த ரசிகர்களே கழுத்துத் துண்டைக் கொளுத்தினார்கள். ஆனால் அவர் கோல் போடத் தொடங்கியதும் அணிக்குள் அந்தச் சுவர் விழுந்துவிட்டது. பிறகு லோரென்சோ அமோருசோ என்ற இத்தாலியக் கத்தோலிக்கர் அந்த அணிக்குக் கேப்டனாகவே இருந்தார். செல்டிக்குக்கு 1967இல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்த ஜாக் ஸ்டீன் ஒரு புராட்டஸ்டண்ட். ஆக, ஆடுகிறவர்களிடம் இந்தப் பகை எப்போதோ ஓய்ந்துவிட்டது. கேலரியில் ஓயவில்லை.

கேலரியில் அது உயிரோடு இருப்பது பாட்டுகளால். ரேஞ்சர்ஸ் பக்கம் 'பில்லி பாய்ஸ்' என்று ஒன்று. 1920களிலும் 30களிலும் கிளாஸ்கோவின் பிரிட்ஜ்டன் பகுதியில் திரிந்த, கத்தோலிக்கரை அடிப்பதைத் தொழிலாக வைத்திருந்த ஒரு ரவுடிக் கும்பலின் பாட்டு. கத்தோலிக்கரின் ரத்தத்தைப் பற்றிப் பெருமை பேசும். இந்த மாதிரிப் பாட்டுகளுக்காக 2006இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ ரேஞ்சர்ஸுக்கு அபராதம் போட்டது. 2019இல் ஜிப்ரால்டர் அணி ஒன்றோடு நடந்த ஆட்டத்தில் மீண்டும் பாடியதால், லெஜியா வார்சா வந்தபோது இப்ராக்ஸில் 3,000 இருக்கைகளை மூடச் சொன்னது. செல்டிக் ரசிகர்களில் ஒரு கூட்டமும் குற்றமற்றது இல்லை. பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ என்ற ஐரிஷ் அமைப்பைப் புகழ்ந்து பாடியதற்காக 2011இல் அந்தக் கிளப்புக்கும் யூஇஎஃப்ஏ அபராதம் போட்டது. குண்டுவெடிப்பில் பிள்ளையை இழந்த ஒரு தாய் அந்தப் பாட்டைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு யோசிக்கவே முடியவில்லை.

இப்போது நீ பார்த்த வீடியோவுக்கு வருகிறேன். அன்று இப்ராக்ஸுக்கு வந்த எதிரணி ஸ்டென்ஹவுஸ்மியூர். ஒரு சின்ன ஊரின் கிளப். பண நெருக்கடியில் சிக்கிய ரேஞ்சர்ஸை 2012இல் கடைசி டிவிஷனுக்குத் தள்ளியிருந்தார்கள், அங்கிருந்து ஏறி வந்த மூன்றாம் டிவிஷன் ஆட்டம் அது. 8-0 என்று ரேஞ்சர்ஸ் ஜெயித்தது. மைதானத்தில் செல்டிக் இல்லை, ஐரிஷ்காரர் யாரும் எதிரே நிற்கவில்லை, தோற்றுவிடுவோம் என்ற பதற்றமும் இல்லை. நூற்றுக்கணக்கான ராணுவத்தினரை மரியாதை செய்ய அழைத்திருந்த நாள். அந்த நாளில் சீருடை போட்டவர்கள் மதப்பிரிவுப் பாட்டுகளில் கலந்துகொண்டார்கள் என்று புகார் எழுந்தது, விசாரிப்பதாக ராணுவம் சொன்னது. ஆட்டச் சூட்டில் வாய் தவறியது என்று இதற்குச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. எதிரி யாரும் இல்லாத இடத்தில் பாடினால் அது யாரை நோக்கிய பாட்டு? ஊரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நோக்கியதுதான்.

இங்கேதான் சீருடை வருகிறது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் குடிமக்களுக்கான சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மேல் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் செத்தார்கள், காயத்தோடு இருந்த இன்னொருவர் பிறகு. சுடப்பட்டவர்களிடமிருந்து எந்த ஆபத்தும் இருக்கவில்லை என்று 2010இல் அரசின் விசாரணை அறிக்கை சொன்னது, பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். டெர்ரியும் டோனகலும் பக்கத்துப் பக்கத்து மண். அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். ரேஞ்சர்ஸ் ஜெர்சி போட்டவன் பாடினால் அது ஒரு ரசிகனின் கேவலம். அரசாங்கம் கொடுத்த உடுப்பைப் போட்டவன் பாடினால், இந்த அரசாங்கம் உனக்கானது இல்லை என்று ஒரு குடிமகனிடம் சொன்னதாகிறது. உன் சமையலறைப் பெரியவர் அந்த ராணுவத்துக்கு வரி கட்டுகிறார். அந்த ராணுவத்திலேயே கத்தோலிக்கப் பையன்கள் இருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் பக்கத்தில் படுத்தவன் இந்தப் பாட்டைப் பாடுகிறான் என்று வீடியோவில் பார்க்கும்போது அவனுக்கு எப்படி இருக்கும்?

டிக்கெட் விஷயத்தை அப்புறம் சொல்கிறேன், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

பந்து_மட்டும் எழுதியது:

அக்கா சொன்ன வரலாறு சரி. ஆனால் நான் வேறு பக்கம் நிற்கிறேன். பாட்டுக்காக ஆளைப் பிடிப்பது எங்கே போய் முடியும் என்று ஸ்காட்லாந்து ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2011இல் செல்டிக் மேனேஜர் நீல் லெனனுக்குப் பார்சலில் குண்டு அனுப்பினார்கள், அதே வருடம் இரண்டு அணிகளின் கோப்பை ஆட்டம் ஒன்று ரகளையில் முடிந்தது. பதறிப்போய் அரசு 2012இல் கால்பந்து மைதானத்தில் பிறரைப் புண்படுத்தும் நடத்தைக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. எது குற்றம் என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் இளவயதுத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள். காவலர்கள் கேமராவோடு ரசிகர்கள் பின்னால் திரிந்தார்கள். இரண்டு கிளப் ரசிகர்களும் சேர்ந்து அதை எதிர்த்தார்கள் என்பது பெரிய விஷயம். 2018 மார்ச்சில் 62க்கு 60 என்று வாக்களித்து நாடாளுமன்றமே அதை ரத்து செய்தது.

சிப்பாயும் மனிதன். லீவு நாளில் அழைத்துக்கொண்டு போய், ஐம்பதாயிரம் பேர் நடுவில் நிறுத்திவிட்டு, வாயை மூடு என்றால் எப்படி? பத்து விநாடி போன் வீடியோவை வைத்து ஒருவன் வேலையைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் என்ன பாடினார் என்பது அந்த இரைச்சலில் பல நேரம் தெரியவே தெரியாது.

ஓய்வுபெற்ற_சுபேதார் எழுதியது:

மேலே எழுதிய தம்பிக்கு: லீவு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சீருடை போட்டால் அது லீவு இல்லை. நான் மதராஸ் ரெஜிமெண்டில் சேவை செய்தவன், வேலூர் மாவட்டம். லீவில் வந்தால் வேட்டி சட்டையில் எங்கள் ஊர்க் கபடி மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், யாரும் கேட்க முடியாது. உடுப்பு மேலே ஏறிவிட்டால் கையும் வாயும் ரெஜிமெண்டுக்குச் சொந்தம். ஒரு விழாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள் என்றால் அதற்கு ஒரு ஆபீசர் பொறுப்பு, அவருக்குக் கீழே ஒரு ஜேசிஓ (என்னைப் போன்ற சுபேதார்), வரிசைக்கு ஒரு ஹவில்தார். கிளம்பும் முன் ஃபாலின் போட்டு, அதாவது வரிசையில் நிறுத்தி, சொல்வார்கள்: எங்கே உட்காருவது, எப்போது எழுவது, எதைத் தொடக்கூடாது. தேசிய கீதத்துக்கு விறைப்பாக நில். கோல் விழுந்தால் கைதட்டு. அதற்கு மேல் கூட்டம் என்ன செய்தாலும் உனக்கு வேலை இல்லை.

ஆகவே அந்த வீடியோவைப் பார்த்தால் எனக்கு அந்தப் பையன்கள் மேல் வரும் கோபத்தைவிட அவர்களைக் கூட்டிப் போனவர்கள் மேல் வரும் கோபம்தான் அதிகம். எந்த மைதானத்துக்குப் போகிறோம், அங்கே என்ன பாடுவார்கள் என்று கிளாஸ்கோவில் குழந்தைக்கும் தெரியும். இது தெரியாமல் ஒரு கமாண்டர் இருக்க முடியாது. பாட்டு தொடங்கியவுடன் முன் வரிசையில் இருந்த சார்ஜெண்ட் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். ஒரு பார்வையில் அடங்காத பிளட்டூனை நான் பார்த்ததில்லை.

சட்டமும் இருக்கிறது. எங்கள் ராணுவச் சட்டம் 1950, பிரிவு 63, ஒழுங்குக்குப் பாதகமான செயல். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தில் பிரிவு 19 அதே விஷயம்தான். இதற்குக் கால்பந்துக்கென்று தனிச் சட்டம் தேவையில்லை, வேலையைப் பறிக்கவும் தேவையில்லை. கண்டிப்பு, சம்பளப் பிடித்தம், தேவைப்பட்டால் பதவி இறக்கம் என்று படிப்படியாக இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களுக்குச் சொல்லித்தரும் ஆறு பண்புகளில் ஒன்று 'பிறரை மதித்தல்'. தைரியம், ஒழுக்கம், நேர்மை, விசுவாசம், தன்னலமற்ற அர்ப்பணிப்பு ஆகியவற்றோடு அதையும் வைத்திருக்கிறார்கள். மைதான வாசலில் அதைக் கழற்றி வைக்கச் சொல்லி எந்த உத்தரவும் இல்லை.

ராணுவத்துக்கும் கால்பந்துக்கும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டின் டுராண்ட் கோப்பையே சிப்பாய்களுக்காக 1888இல் சிம்லாவில் தொடங்கியதுதான். முதல் இறுதி ஆட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபண்ட்ரியை 2-1 என்று வென்றது. அந்த ஹைலேண்ட் லைட் இன்ஃபண்ட்ரிதான் கிளாஸ்கோ நகரத்து ரெஜிமெண்ட். அடுத்த வருடங்களில் அவர்களே கோப்பையை அள்ளினார்கள். 1955இலும் 1958இலும் எங்கள் வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அதே கோப்பையை வாங்கியது, அந்தப் பெருமையைச் சொல்லித்தான் எங்களை மைதானத்தில் ஓடவிட்டார்கள். சிம்லாவில் மோதிய அந்த இரண்டு ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகளையும் 1959இல் ஒன்றாக்கிவிட்டார்கள். கிளாஸ்கோவின் தெருக்களிலிருந்தும் அதற்கு ஆள் எடுத்தார்கள். அந்தத் தெருக்களில் இரண்டு மதத்தாரும் இருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் கோவில், மசூதி, குருத்வாரா, தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை, சர்வ தர்ம ஸ்தல் என்று பெயர். ஏன் அப்படி? பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பவன் என்ன சாமி கும்பிடுகிறான் என்ற நினைப்பு வந்துவிட்டால் அந்த செக்‌ஷன் செத்துவிடும்.

பாடத்தான் வேண்டுமென்றால் ரெஜிமெண்டுக்கென்று பாட்டும் முழக்கமும் இருக்கிறது. எங்களுடையது 'வீர மதராசி, அடி கொல்லு'. அதைப் பாடட்டும்.

மயிலிட்டிக்காரன் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப பெல்ஃபாஸ்டில் இருக்கிறேன். சுபேதார் ஐயா கமாண்டரின் இடத்தில் நின்று பார்த்திருக்கிறார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற சனத்தின் இடத்திலிருந்து சொல்கிறேன். சீருடை போட்டவர்கள் ஒரு பகுதிச் சனத்தின் பாட்டைச் சேர்ந்து பாடினால் மற்றப் பகுதிச் சனத்துக்கு வயிற்றில் என்ன நடக்கும் என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை.

அயர்லாந்தில் உதைபந்தாட்டமும் ஆயுதமும் ஒன்றையொன்று சந்தித்த நாட்களை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. 1920 நவம்பர் 21, டப்ளின் குரோக் பார்க். டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் உதைபந்தாட்டம். அன்று காலையில் ஐஆர்ஏ பிரிட்டிஷ் உளவாளிகள் பலரைக் கொன்றிருந்தது. பின்னேரம் பொலிஸும் அதன் துணைப்படையும் மைதானத்துக்குள் வந்து சனத்தின் மேல் சுட்டது, இராணுவமும் வெளியே நின்றது. 14 பேர் செத்தார்கள். டிப்பரரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். இன்றைக்கும் அங்கே ஒரு பெரிய ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான்.

1988 பெப்ரவரியில் ஐடன் மக்அனெஸ்பி என்ற 23 வயதுப் பெடியன் ஓக்னக்ளோய் எல்லைக் காவலரணைக் கடந்து தன் ஊர் கேலிக் ஆட்டத்துக்கு நடந்து போனான். காவலரணிலிருந்து இராணுவத் துப்பாக்கிச் சூடு, அவன் செத்துப்போனான். விரல் ஈரமாக இருந்ததால் தவறுதலாக வெடித்தது என்றான் சுட்ட சிப்பாய். 2022இல்தான், 34 வருடம் கழித்து, அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது. தண்டனையை நிறுத்திவைத்தார்கள், சிறைக்குப் போகவில்லை. ஆட்டம் பார்க்கப் போகிற பாதையில் சீருடை என்றால் இங்கே பல குடும்பங்களுக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

டெர்ரி சிட்டி என்ற கிளப்பின் கதையும் இதோடு சேர்ந்தது. அவர்களின் பிராண்டிவெல் மைதானம் கத்தோலிக்கப் பகுதியில். 1971இல் விருந்தாளி அணி வந்த பஸ்ஸைக் கடத்திக் கொளுத்தினார்கள், அதற்குப் பிறகு அங்கே ஆடக்கூடாது என்றார்கள். சொந்த மைதானம் இல்லாமல் கொலரேன் என்ற வேறு ஊருக்குப் போய் ஆடிக் களைத்து 1972இல் வட அயர்லாந்து லீக்கை விட்டே விலகிவிட்டார்கள். 1985இல் எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் சேர்ந்தார்கள், இன்றும் அங்கேதான் ஆடுகிறார்கள்.

அந்தக் கிளப்பில் தொடங்கியவர்தான் ஜேம்ஸ் மக்லீன். டெர்ரியின் கிரெகன் பகுதியில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஆடும்போது நவம்பர் மாதம் ஜெர்சியில், போரில் செத்த சிப்பாய்களின் நினைவாக அணியும் பாப்பி மலர் போட மறுத்தார். 2014இல் தன் கிளப் முதலாளிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உலகப் போர்களில் செத்தவர்களுக்கு மட்டும் என்றால் தினமும் அணிவேன், ஆனால் அந்த மலர் பிறகு நடந்த எல்லாச் சண்டைகளிலும் செத்த சிப்பாய்களுக்கும் சேர்த்து, என் ஊரில் நடந்ததற்குப் பிறகு என்னால் முடியாது என்பது அதன் சாரம். எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார் என்று வாசித்தால் தெரியும். அதற்குக் கிடைத்தது வருடக்கணக்கான வசவும் கொலை மிரட்டலும். அணியமாட்டேன் என்று சொன்ன ஒருவனுக்கு அந்தக் கதி. சீருடையில் பாடியவனை 'பெடியன்தானே' என்று விட்டுவிடச் சொல்கிறார்கள். இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. மாறவே மாறாது என்று இல்லை. அதே குரோக் பார்க்கில் 2007 பெப்ரவரியில் இங்கிலாந்து ரக்பி அணி ஆடியது. பிரிட்டிஷ் அரசகீதம் வாசித்தபோது எண்பதாயிரம் ஐரிஷ் சனம் அமைதியாக நின்று முடிய விட்டுக் கைதட்டியது. பிறகு 43-13 என்று வென்றார்கள்.

கடலோரப்பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுபேதார் ஐயா, டுராண்ட் கோப்பைக் கதை எனக்குப் புதுசு. நேற்று அந்தப் பெரியவரோடு பின்கட்டில் டீ குடித்தேன். வீடியோவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே ஒன்று சொன்னார்: 1971 ஜனவரி 2ஆம் தேதி இப்ராக்ஸ் படிக்கட்டில் நெரிசலில் 66 ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் செத்தபோது அவர் அப்பா செல்டிக் கேலரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரவு முழுக்க அழுதாராம். பிறகு பலியானவர் குடும்பங்களுக்காக இரண்டு கிளப் ஆட்டக்காரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடிய ஆட்டத்துக்கும் போனாராம். அவர் ராணுவத்தை வெறுப்பவரில்லை, மருமகனே கடற்படையில் இருக்கிறான். பாட்டுதான் அவருக்கு ஆகவில்லை.

அக்கா, டிக்கெட் விஷயம் சொல்லவில்லையே? அப்புறம் பந்து_மட்டும் அண்ணா சொன்ன மாதிரி சட்டம் போய்விட்டது என்றால், இப்போது இதைத் தட்டிக் கேட்க என்னதான் வழி?

கிளைட்கரை_நர்ஸ் எழுதியது:

போ, தாராளமாகப் போ. இப்ராக்ஸ் அழகான மைதானம், முக்கால்வாசிப் பேர் பந்து பார்க்க வருகிறவர்கள். கழுத்தில் ஜெபமாலை வெளியே தெரிந்தால் யாரும் அடிக்கப்போவதில்லை, ஆனாலும் சட்டைக்குள் போட்டுக்கொள். பச்சை செல்டிக்கின் நிறம், அதில் எதுவும் வேண்டாம். திரும்பும்போது நண்பனோடு சேர்ந்தே வா, தெரியாத பப்புக்குள் நுழையாதே. ராணுவத்தினர் வரிசையாக மைதானத்துக்குள் வரும்போது எழுந்து கைதட்ட மனமிருந்தால் தட்டு, அதில் தப்பே இல்லை. காலை இழந்து திரும்பியவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன், அந்த மரியாதை அவர்களுக்கு உரியது. பழைய பாட்டுத் தொடங்கினால் உட்கார்ந்துவிடு. உன் நண்பனின் அண்ணன் என்ன செய்கிறார் என்று பார், அவர் வாய் திறக்காமல் நின்றால் பிறகு அவரிடம் போய் நன்றி சொல்.

சட்டம் பற்றி. ரத்தானது 2012 சட்டம் மட்டும்தான், மதப் பகையோடு மிரட்டுவதும் வசைபாடுவதும் இன்றும் குற்றம். அதற்கு ஸ்காட்லாந்தின் 2010 குற்றவியல் நீதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இருக்கிறது. மத வெறுப்பு கலந்திருந்தால் அதைக் குற்றத்தைக் கடுமையாக்கும் காரணமாக எடுக்க 2021ஆம் ஆண்டு வெறுப்புக் குற்றச் சட்டம் இருக்கிறது, 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சிப்பாய் என்றால் அதற்கு மேல் சுபேதார் ஐயா சொன்ன பிரிவு 19. பந்து_மட்டும் தம்பி பயப்படுவது நியாயம், இருபது வயதுப் பையனின் வாழ்க்கையைப் பத்து விநாடி வீடியோ முடித்துவிடக் கூடாது. அதனால்தான் பையனைத் தேடுவதற்கு முன்னால் அழைத்தவர்களையும் அழைத்துப் போனவர்களையும் கேட்கச் சொல்கிறேன். ரேஞ்சர்ஸ் கிளப் அவர்களை எந்தப் பகுதியில் உட்கார வைத்தது? கூடப் போன ஆபீசர்கள் எங்கே இருந்தார்கள்? பாட்டு எழும்போது மைதான ஒலிபெருக்கி என்ன சொன்னது?

அந்தக் கேள்விகளுக்குக் கிளப்புகள் பதில் சொல்லும்படி செய்ய ஒரு வழி இருக்கிறது. ரசிகர்கள் செய்வதற்குக் கிளப்பே பொறுப்பு என்ற விதி யூஇஎஃப்ஏவிடம் உண்டு. அதனால்தான் 3,000 இருக்கைகளை மூட முடிந்தது. ஸ்காட்லாந்துக்குள் நடக்கும் ஆட்டங்களுக்கும் அதே விதியைக் கொண்டுவரப் பார்த்தபோது, 2013இல் இந்த நாட்டுக் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து வாக்களித்து அதைத் தோற்கடித்தன. 16 வயதுப் பையன் ஒருவன் செல்டிக் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் 1995இல் பிரிட்ஜ்டனில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு அவன் பள்ளித்தோழி தொடங்கிய நில் பை மவுத் என்ற அமைப்பு இந்த விதியை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிகளுக்கும் வேலையிடங்களுக்கும் வந்து பேசுவார்கள். உங்கள் தலைமைச் சமையல்காரர் பேச்சே வேண்டாம் என்று மூடியது எனக்குச் சரியாகப் படவில்லை, அவர்களைக் கூப்பிட்டுப் பேசவைக்க முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பார்.